அத்தையின் கனகாம்பரத் தொட்டி

இன்று காலை நம் குழுவில் ஒரு தோழி படம் போட்டிருந்தாள். பால்கனிச் சுவரோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் முழங்கால் உயரக் கனகாம்பரம். கீழே எழுதியிருந்தாள்: "தொந்தரவே இல்லாத செடி. நம்ம மண்ணுக்கே உரியது. உரம் கேக்காது, மருந்து கேக்காது. ரெண்டு நாள் தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது." அதற்கு நீங்கள் ஆளாளுக்குக் கட்டைவிரலும் பூங்கொத்தும் அனுப்பியிருந்தீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் "கேக்காது, கோவிச்சுக்காது" தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. கேட்காது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? தண்ணீர் இல்லாவிட்டால் அந்த இலை எப்படித் துவண்டு தொங்கும் என்று எனக்குத் தெரியும். ஊற்றினால், நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்துவிடுகிறதே என்று, அது வாடியதையே நாம் மறந்துவிடுகிறோம்.

இதை அங்கேயே எழுதினால், "டீச்சர் காலையிலேயே ஆரம்பிச்சிட்டாங்க" என்பீர்கள். அதனால் தனியாக, நீளமாகவே எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் என் வயதுதான், உங்களுக்கும் முட்டி வலிதான், மத்தியானத்தில் செய்ய ஒன்றுமில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி. அப்பா நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் வரிக்கு வரி கோர்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால் ஒரே ஆள் உட்கார்ந்து நெய்ய முடியாது. அப்பா உடலுக்கான குறுக்கு நூல் உள்ள நாடாவை எறிவார். அவருக்கு இடதுபுறம் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிய வேண்டும். அந்த இடத்தை எங்கள் வீட்டில் கரைப்பக்கம் என்போம். வெளி ஆள் வைத்தால் நிலைப்பதில்லை. கை பழகியதும் வேறு வீட்டுத் தறிக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து ஒரு முட்டி மடங்காமல் போய்விட்டது. அவளால் அங்கே சம்மணமிட்டு உட்கார முடியாது.

அந்தக் கரைப்பக்கத்துக்கு அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு தீபாவளிகூடப் பார்க்கவில்லை, மாமா காய்ச்சலில் போய்விட்டார். ஒரு தகரப் பெட்டியோடு அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த மாதத்திலேயே தறியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பத்து வயதாகும்போது அவளுக்கு இருபத்தைந்துகூட நிறைந்திருக்காது. எனக்கோ அவள் பெரிய மனுஷி. இன்று என் பெண்ணின் வயதை வைத்துப் பார்க்கிறேன், அத்தை சின்னப் பெண். அப்போது யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

கனகாம்பரத்தைக் கொடுத்தது சாயக்காரம்மா. எங்கள் பட்டுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தவரின் மனைவி. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த அம்மாவின் விரல் நகங்கள் ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் ஊதா. ஒரு நாள் விளிம்பு உடைந்த மண்பானை ஒன்றையும், ஈரத்துணியில் சுற்றிய நாலைந்து கனகாம்பரக் குச்சிகளையும் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கோ அம்மாயி. நாள் பூரா தறியில குந்திக்கினு இருக்கற. கண்ணுக்கு ஏதாச்சும் வேணும்ல" என்றார். "எங்க வீட்ல வெச்சா சாயத்தண்ணி பட்டுச் செத்துப் போவுது."

அத்தை அன்றே நட்டாள். பானையின் அடியில் ஓட்டை போட்டு, அது அடைந்துவிடாமல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தாள். செம்மண், ஆற்று மணல், காய்ந்த சாணித்தூள் மூன்றையும் கையாலேயே பிசறிப் போட்டாள். காலை வெயில் பட வேண்டும், உச்சி வெயில் படக் கூடாது என்று தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லின் ஓரமாக இடம் பார்த்து வைத்தாள். தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஒரு பால்மாவு டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு வைத்திருந்தாள். அந்த டப்பாவை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர் ஆறின பிறகு வேருக்குப் போகும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளி எறிவாள், பக்கத்தில் இரண்டு கதிர் புதிதாக வரும். செடியின் முன்னால் அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் நிறைய வேலை நடப்பதாகத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவுக்கு அந்தச் செடியைப் பற்றிப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"கனகாம்பரமும் என் தங்கச்சியும் ஒண்ணுபா. இது வேணும் அது வேணும்னு ஒண்ணும் கேக்காது. அது பாட்டுக்கு இருக்கும்."

எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. உண்மையாகவே அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டே நாடாவில் நூல் மாற்றுவாள். பூவையெல்லாம் கட்டுவதும் அவள்தான். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து, விரல் போகிற வேகமே தெரியாமல் கட்டுவாள். ஒரு துண்டு அம்மாவுக்கு, ஒரு துண்டு என் பின்னலுக்கு. செடி அத்தையுடையது, பூ மற்றவர்களுடையது. புருஷன் செத்தவள் பூ வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் மாசிக் கடைசியில் தறிக்குப் பச்சைப் பாவு வந்தது. நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு, அது கிளிப்பச்சை. பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. அதற்கென்று ஆள் உண்டு. ஓரிக்கையிலிருந்து ஒருவர் வந்தார். பாலாற்றங்கரையில் வீடு. பிரசவத்தில் மனைவி தவறிவிட்டாளாம், ஒரு சின்னப் பெண் குழந்தை இருந்தது, அவருடைய அக்கா பார்த்துக்கொண்டாள். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து பிணைக்க, எதிர்ப்பக்கம் ஒருவர் இழையைப் பிரித்துப் பிரித்து எடுத்துத் தர வேண்டும். எடுத்துத் தந்தது அத்தை. இரண்டு நாள் அந்த வேலை நடந்தது. அவர்கள் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. "இந்தாங்க", "ம்", "அறுந்துடுச்சு", அவ்வளவுதான்.

அந்தப் பச்சை எங்கள் வீடெங்கும் ஒட்டிக்கொண்டது. தறி இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எந்த நிறப் பாவு ஓடுகிறதோ அந்த நிறத் துணுக்கு சோற்றிலும் வரும், தலையிலும் இருக்கும். எதிரில் இருப்பவர் தலையில் நூல் இருந்தால் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பேச்சு பாட்டுக்கு நடக்கும், கை பாட்டுக்கு எடுக்கும். முன்பின் தெரியாதவர் தலையிலிருந்துகூட எடுப்போம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் வேலைக்குப் போன புதிதில் ஒரு கல்வி அதிகாரியின் தலையிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு அவர் விழித்ததைப் பார்த்துத்தான் இது ஊர்ப்பழக்கம் இல்லை, எங்கள் பழக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் கை கழுவத் தோட்டத்துக்கு வந்தார். நான் செடியருகே இருந்தேன். காய்ந்த கதிர் ஒன்றை ஒடித்து, அதிலிருந்த சின்னக் காயை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எச்சி துப்பு பாப்பா" என்றார்.

துப்பினேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்தது, பிறகு பட்டென்று வெடித்து விதை என் கன்னத்தில் அடித்தது. நான் அலறிவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் அத்தை, சொம்பும் கையுமாக. அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"என் பொண்ணுக்கு இது ஒரு குச்சி குடுங்க" என்று அவர் கேட்டார்.

அத்தை நல்ல கணுவாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். "நெழல்ல வெச்சி நடுங்க. துளிர் வர்றவரைக்கும் வெயில் காட்டாதீங்க" என்றாள். இரண்டு நாளில் அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அது.

பங்குனி பிறந்ததும் சாயக்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அப்பாவும் அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். என்னை வெளியே விளையாடப் போகச் சொன்னார்கள், போய்விட்டேன். அங்கே பேசியது பல வருஷம் கழித்து அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களை அப்படிக் காக்க வைக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓரிக்கைக்காரர் அத்தையைக் கட்டிக்கொள்ள விரும்பினார். ரெண்டாம் கல்யாணம், அவளுக்கும் அவருக்கும். எங்கள் தெருவில் அது நடக்காத காரியம் இல்லை, ஆனால் நடந்தால் ஆறு மாதம் பேசுவார்கள். அப்பா உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு இங்க என்ன கொறைச்சல்?" என்றாராம்.

"கொறைச்சல்னு யார் சொன்னா? தறிக்கு ஆள் வேணும்னு தங்கச்சிய வெச்சிக்கினு இருக்கான்னு ஊர் சொல்லும், அது வாணாம்னுதான் சொல்றேன்" என்றாராம் சாயக்காரம்மா.

அது அப்பாவைச் சுட்டுவிட்டது. "அவளுக்கு இஷ்டம்னா நான் குறுக்க நிக்கல" என்றார். அவளுக்கு இஷ்டமா என்பதை அவளிடம் எப்படிக் கேட்பது? அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், வாயால் கேட்டிருக்கலாம். ஆனால் தங்கையிடம் அண்ணன் அதைக் கேட்பதா, அவள் அதற்குப் பதில் சொல்வதா என்று எல்லோருக்கும் கூச்சம். பெரியவர்கள் கூச்சத்துக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஏகாம்பரநாதர் கோயில் திருவிழாவுக்கு வருகிற சாக்கில் மாப்பிள்ளையின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டில் நுழைந்து ஒரு வாய் காபி குடிப்பார்கள். காபி கொண்டுவரும்போது அத்தை தலையில் பூ இருந்தால் சம்மதம். இல்லாவிட்டால் திருவிழாவைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் அவமானம் வேண்டாம்.

எவ்வளவு நாசூக்கு, பாருங்கள். ஒருத்தி வாழ்க்கையைப் பூவில் தொங்கவிட்டார்கள்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் அத்தை வேறு ஆளாக இருந்தாள். எனக்குக் காரணம் தெரியாது, மாற்றம் தெரிந்தது. விடிவதற்குள் எழுந்து செடியிடம் போவாள். பழுத்த இலை ஒன்றுவிடாமல் கிள்ளுவாள். மண்ணைக் குச்சியால் கிளறிவிட்டு அரிசித் தண்ணீர் ஊற்றுவாள். அந்த வாரம் வெயில் கடுமையாக இருந்தது, பழைய கோணிச் சாக்கைக் கட்டி நிழல் போட்டாள். என் தலையை வாரும்போது கேட்டாள்:

"ஓரிக்கையில ஆத்துல இப்ப தண்ணி போவுதாமா?"

"தெரியாது அத்த. ஏன்?"

"சும்மாதான். மணல் நல்லா இருக்கும்னாங்க."

மொட்டுகள் கதிரின் அடியிலிருந்து மேலே வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு பூவையும் அந்த வாரம் அவள் பறிக்கவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை கேட்டதற்கு, "இன்னும் மலரல அண்ணி" என்றாள். மலர்ந்துதான் இருந்தது. அதற்குமுன் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பூக்கடையில் ஒரு முழம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். புருஷன் இல்லாதவள் தெருவில் நின்று பூ வாங்கினால் அவள் வீடு திரும்புமுன் செய்தி திரும்பிவிடும். சொந்தத் தொட்டியில் இரண்டு பூ கிள்ளி வைத்துக்கொண்டால் சத்தமே இருக்காது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு பூதான்.

அந்த நாள் வந்தது. எங்களுக்குத் திருவிழா விடுமுறை. காலையில் அப்பா கூடத்தில் தண்ணீர் தெளித்தபடியே அம்மாவிடம் சொன்னார்: "வர்றவங்க பாக்கறதுக்கு பாப்பாவ நல்லா ஜோடிச்சி வை." அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

அத்தை குளித்துவிட்டு வந்து, என்னை முன்னால் உட்கார வைத்து இரட்டைப் பின்னல் பின்னினாள். அவள் கையில் சிகைக்காய் வாசனை. பின்னி முடிக்கும்போது அம்மா தோட்டத்திலிருந்து ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். கையில் வாழை இலைத் துண்டு. அதில் கனகாம்பரம், கட்டி முடித்த சரமாக, பந்து போலச் சுருட்டி. அவ்வளவு பூவை ஒன்றாக நான் பார்த்ததே இல்லை.

"இத இவளுக்கு வெச்சி வுடும்மா" என்று அத்தையிடம் நீட்டினாள்.

என் தலையைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"எல்லாத்தையுமா அண்ணி?"

"ஆமா, வாடிப்போயிடும்ல."

அத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு பின்னலுக்குப் பாதி, இன்னொரு பின்னலுக்குப் பாதி. ஊசி குத்தினாள். "போதும் அத்த, கனக்குது" என்று நான் நெளிந்தேன். "பூ கனக்குமாடி, சும்மா இரு" என்று அம்மா அதட்டினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன், கல்யாணப் பெண் மாதிரி இருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். பத்து வயதுப் பெண்ணின் தலையில் அவ்வளவு பூவை வைத்தால் அவள் சந்தோஷப்படாமல் என்ன செய்வாள்? இதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. கோபம்தான் வருகிறது.

பக்கத்து வீட்டில் பூவைக் காட்டத் தோட்டத்து வழியாக ஓடினேன். அங்கே அத்தை செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். செடியில் ஆரஞ்சு நிறமே இல்லை, எல்லாம் பச்சைக் கதிர். அதில் ஒன்றை ஒடித்தாள். நுனியில் ஒரு மொட்டு, இன்னும் நிறம் தெரியாத மொட்டு. அதைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள். கதிரின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஓரிக்கைக்காரர்கள் வந்தார்கள். அந்த அக்கா நல்ல மாதிரி. கனத்த உடம்பு, வெயிலில் வந்த மூச்சு. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, "யப்பா, எவ்ளோ பூவு" என்று பின்னலைத் தூக்கிப் பார்த்தாள். தேர் எங்கே நிற்கிறது, மோர்ப்பந்தலில் என்ன கூட்டம் என்று பேச்சு போனது. அப்பா இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை காபித் தட்டோடு வந்தாள். அந்த அக்காவின் பார்வை முதலில் அவள் தலைக்குத்தான் போனது. முன்னாலிருந்து பார்த்தால் வகிடும் எண்ணெயும்தான் தெரியும். அத்தை அவள் முன்னால் குனிந்தாள். காபி கொடுக்க அவ்வளவு குனிய வேண்டியதே இல்லை. குனிந்து, தலையைத் திருப்பி, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். கொண்டை அந்த அக்காவின் மூக்குக்கு எதிரே இருந்தது.

"நூல் ஒட்டிக்கினு இருக்குது பாரும்மா" என்றாள் அந்த அக்கா. சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் பச்சைக் கதிரை உருவி, பார்க்கக்கூட இல்லை, ஜன்னல் பக்கம் எறிந்தாள். "எங்க வீட்லயும் இப்ப பச்சப் பாவுதான். தல, துணி, சோறு, எல்லாம் பச்ச."

அத்தை நிமிர்ந்தாள். "ஆமாங்க" என்றாள். மீதி டம்ளர்களைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, திருவிழாவைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை பேசிவிட்டு, கும்பிட்டுக் கிளம்பினார்கள். போகும்போது அந்த அக்கா என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் சொல்லல? என் தங்கச்சி என்ன வுட்டுட்டுப் போவமாட்டா" என்று அம்மாவிடம் சொன்னார். தெருவில் நாலு பேரிடமும் சொன்னார். மறுநாள் சாயக்காரம்மா வேகமாக வந்து, தறியில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் நேராகவே கேட்டார்.

"நெஜமாவே இஷ்டம் இல்லையா அம்மாயி?"

அத்தை நாடாவை எறிந்துவிட்டு, "இல்லக்கா" என்றாள்.

அந்த அம்மா, தன் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு ரொம்ப நாள் அத்தையோடு பேசவில்லை. அத்தை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நானும் எத்தனையோ வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். திறந்திருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் அண்ணி பூவைப் பிடுங்கிவிட்டாள், எனக்குப் புருஷன் வேண்டும் என்றா? அண்ணன் வீட்டுச் சோறு தின்றுகொண்டு, அண்ணன் தறியில் உட்கார்ந்துகொண்டு? வைகாசியில் ஓரிக்கைக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தச் செடி பூக்கவில்லை. இலை செழிப்பாக இருந்தது, புதர் மாதிரி அகலமானது, பூ மட்டும் இல்லை. அப்பா கவலைப்பட்டார். தொட்டி சிறிதாகிவிட்டது, வேர் சுற்றிக்கொண்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தங்கை மேல் இருந்த பாசத்தில் பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று வாங்கிச் சைக்கிளில் கட்டி, வழியெல்லாம் தள்ளிக்கொண்டே வந்தார். அத்தை செடியைப் பக்குவமாகப் பெயர்த்து, வேர் அறாமல் புதுத் தொட்டியில் வைத்தாள். அப்போதும் பூக்கவில்லை. எலும்புத்தூள் போட்டார்கள், மண்ணை மாற்றினார்கள். "மலட்டுச் செடி, புடுங்கிப் போடு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் அத்தை போய், புதிதாக வந்த கதிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து அடுப்பில் போடுவாள். தண்ணீர் ஊற்றுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. பழுத்த இலையை எடுப்பாள், மண்ணைக் கிளறுவாள், வெயிலுக்குச் சாக்குக் கட்டுவாள். பூக்க மட்டும் விடமாட்டாள். தொந்தரவே இல்லாத செடியாம். ஒரு செடியைப் பூக்காமல் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நான் படித்தேன். பள்ளி இறுதி முடித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைக்குப் போய், தலைமை ஆசிரியையாக ஓய்வும் பெற்றுவிட்டேன். உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. அத்தை கண் தெரிகிறவரை கரைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அப்பாவை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். தறிக்கு ஆள் போய்விடுமே என்று அவர்தான் அம்மாவிடம் சொல்லிப் பூவைப் பறிக்க வைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பாப்பாவை ஜோடிச்சு வை என்று சொன்னதை என் காதால் கேட்டேனே. அவர் செத்தபோது எல்லோரும் அழுதார்கள், எனக்குக் கண்ணீர் வரவில்லை. அத்தை அழுதாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அத்தையும் போய்விட்டாள். காரியம் முடிந்து உறவினர் எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மாவுக்கு அப்போது தொண்ணூறை நெருங்கிய வயது, புத்தி மட்டும் கத்தி. மிச்சமிருந்த பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கி அப்பா மட்டும் பூவப் பறிக்கச் சொல்லாம இருந்திருந்தா, அத்த ஓரிக்கையில பேரன் பேத்தி எடுத்திருப்பாங்க" என்றேன்.

அம்மா பூண்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "உங்கப்பா எங்க சொன்னாரு? செடி பூத்துதா இல்லையான்னே அவருக்குத் தெரியாது. நான்தான் பறிச்சேன்."

"நீயா? எதுக்கும்மா?"

"அவ போயிருந்தா அடுத்த வாரமே கரைப்பக்கத்துல உன்னத்தான் குந்த வெச்சிருப்பாரு. வேற யாரு இருந்தா? எனக்குக் காலு மடங்காது. அஞ்சாவதோட உன் படிப்பு முடிஞ்சிருக்கும். தெருவுல எத்தினி பொண்ணுங்க அப்படிப் போச்சுங்க, நீ பாக்கல? உங்கப்பா குறுக்க நிக்கலன்னு சொன்ன அன்னிக்கே எனக்கு இது தெரிஞ்சிபோச்சு. நான் உன்னப் பாப்பனா, அவளப் பாப்பனா?"

நாற்பது வருஷம் பிள்ளைகளிடம், படிப்பு நம் சொந்த உழைப்பு என்று சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு பூண்டை எடுத்து நானும் உரிக்கத் தொடங்கினேன். பிறகு கேட்டேன்:

"இது அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவங்க கெளம்பிப் போன கையோட அன்னிக்கி சாயங்காலமே சமையக்கட்டுல வந்து நின்னா. 'ஏன் அண்ணி'ன்னா. இதோ உங்கிட்ட சொன்னதத்தான் அவகிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

அம்மா உரித்த பூண்டையெல்லாம் ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள்.

"'கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன் அண்ணி. அது தெரிஞ்சுதானே கேக்காம பறிச்ச'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. சரியாத்தான் சொன்னா. அப்புறம் நாங்க அதப் பத்திப் பேசினதே இல்ல."

அந்தச் சாயங்காலம் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். திருவிழா முடிந்ததும் எங்களுக்கு முழுப் பரீட்சை. சமையலறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, தலையில் அந்தப் பூவோடு, சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.